கொழுந்துக் கூடையும் யந்திரமும்

மலையக இலக்கியத்தைப் படிக்கப் புகும் எவரும் முதலிலே சந்திப்பது ஒரு கூடையைத்தான். நெற்றியிலே கயிறு அழுத்த முதுகிலே தொங்கும் அந்தக் கொழுந்துக் கூடை, கவிதையிலும் சிறுகதையிலும் நாவலிலும் மேடைப் பேச்சிலும் ஓயாது வந்துகொண்டேயிருக்கிறது. அட்டைக்கடி, கங்காணியின் வசை, கொழுந்து மடுவத்திலே தராசின் முன் நிற்கும் பெண்ணின் பதைப்பு ஆகிய யாவும் எழுதப்பட்டுவிட்டன, நன்றாகவே எழுதப்பட்டுள்ளன. ஆனால் கூடை கவிழ்க்கப்பட்டதும் கதை முடிந்துவிடுகிறது. கொழுந்து லொறியேறி, தோட்டத்து மக்கள் 'இஸ்டோர்' என்று சொல்லும் தொழிற்சாலைக்குப் போனபின் அதற்கு நேர்வது என்ன? அங்கே எந்த யந்திரம் எத்தனை பேருடைய கைவேலையை ஏற்றுக்கொண்டது? அவ்வாறு மிச்சப்பட்ட கூலி எவருடைய பையிலே விழுந்தது? இந்தக் கேள்விகளோடு இஸ்டோருக்குள் நுழைந்த எழுத்தாளர் நம்மிடையே மிகச் சிலரே.

இதனை ஓர் இலக்கியக் குறை என்ற அளவிலே ஒதுக்கிவிட முடியாது. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் வர்த்தமானி மூலம் 1000 ரூபாவாக்கப்பட்டது. அன்று தொடங்கி, சம்பளப் பேச்சு எழும் ஒவ்வொரு தடவையும் யந்திரப் பேச்சும் உடன் எழுகிறது. 'இவ்வளவு சம்பளம் கேட்டால் யந்திரத்தைக் கொண்டுவருவதைத் தவிர வேறு வழியில்லை' என்பது ஒரு தரப்பு. 'யந்திரம் வந்தால் நம் வயிற்றிலே அடிக்கும்' என்பது மறுதரப்பு. இரு தரப்பாரும் யந்திரம் நேற்றுத்தான் மலைநாட்டு வாசலிலே வந்து நின்றது போலப் பேசுகின்றனர். உண்மையோ, தேயிலைத் தொழிலுக்குள் யந்திரம் புகுந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அது இஸ்டோருக்குள் புகுந்தது, மலைக்கு ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று கேட்கத் தொடங்கினால், கூலியின் கதை முழுவதும் வேறொரு வெளிச்சத்திலே தெரியும்.

அக்கதையின் தொடக்கத்தை மாத்தளைச் சீமையிலிருந்தே சொல்லலாம். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே நாலந்தா இருக்கிறது. இன்று அவ்வழியே போவோர் கெடிகேயைக் காண்பதற்காக அங்கே இறங்குவர். திராவிடக் கட்டடக்கலை மரபும் பௌத்தமும் கைகோத்து நிற்கும் அந்தக் கற்கோயில், மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கத்திலே அமிழவிருந்த வேளையில், கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு மேட்டுநிலத்திலே மீண்டும் எழுப்பப்பட்டது. பாராட்ட வேண்டிய பணிதான். ஆனால் அதே தெருவழியாக இன்னொரு வரலாறும் சென்றது. அதற்குக் கல் நாட்டுவார் இல்லை. கோப்பிக் காலத்திலே தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையிலே இறங்கிய உழைப்பாளர், காடு வழியே தெற்கு நோக்கி நடந்து, தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்தே மாத்தளையை அடைந்தனர். பசியும் பேதியும் காய்ச்சலும் வழி நெடுகிலும் அவர்களை அரித்தன. கோப்பியைக் கொழும்புக்கு இறக்குவதற்காகக் கண்டி வரை 1867இலே இரயில் வந்தது. மாத்தளைக்கு 1880இலே வந்தது. ஆளைக் கொண்டுவருவதற்குத் தலைமன்னார் இரயில் 1914இலேதான் திறக்கப்பட்டது. சரக்குக்கும் உழைப்பாளிக்கும் இடையே அந்தப் பொருளாதாரம் வகுத்திருந்த முன்னுரிமை இந்த ஆண்டுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கோப்பித் தோட்டத்திலே யந்திரத்துக்கு இருந்த இடம் சிறிது. பழத்தின் சதையை நீக்கும் உரிப்பான் ஒன்று, நீரோட்டம் தந்த விசை, கொழும்புக் களஞ்சியங்களிலே சில பொறிகள். மற்றவை எல்லாம் கையாலும் காலாலும் முதுகாலும் நடந்தன. 1869இலே ஆபிரகாம் ஜோசப் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்றொரு நூலை வெளியிட்டார். தோட்டத் தொழிலைப் பொருளாகக் கொண்டு இலங்கையிலே எழுந்த முதல் தமிழ்ச் செய்யுள் நூல்களில் அது ஒன்று. பெண்கள் கைகொட்டிப் பாடும் கும்மி வடிவத்தைக் கோப்பிப் பயிர்ச்செய்கைக்கு அவர் பயன்படுத்தியது வேடிக்கையான செயல்தான். அதே 1869இலேதான் கோப்பி இலையைத் தின்னும் துருநோய் இந்நாட்டிலே கண்டறியப்பட்டது. கும்மி அச்சேறிய ஆண்டிலேயே கும்மியின் தலைவி நோயிலே வீழ்ந்தாள்.

அதன் பின் வந்தது தேயிலை. ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டது 1867இலே. மார்க்சின் 'மூலதனம்' முதற் பாகம் ஹம்பேர்க்கிலே அச்சேறியதும் அதே ஆண்டுதான். இரண்டுக்கும் தொடர்பில்லை, எனினும் பின்னதைக் கொண்டே முன்னதை விளக்க வேண்டியிருக்கிறது. டெயிலர் தொடக்கத்திலே தமது வீட்டுத் திண்ணையிலே மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டுவித்தார். சீனத்திலே பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த முறை அதுவே. வாடிய கொழுந்தை உள்ளங்கையால் அழுத்தி உருட்டினாலன்றி அதன் சாறு வெளிப்படாது. சாறு வெளிப்பட்டு காற்றுப்பட்டாலன்றி நிறமும் மணமும் பிறவா. நாள் முழுவதும் உருட்டினாலும் ஒருவர் உருட்டக்கூடியது சில இறாத்தல்களே. 1870களின் தொடக்கத்திலேயே டெயிலர் ஓர் உருட்டு யந்திரத்தையும் தொழிற்சாலையையும் அமைத்துவிட்டார். அஸ்ஸாமிலே வில்லியம் ஜாக்சன் தமது உருளைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தினார். சாமுவேல் டேவிட்சன் 'சிறோக்கோ' என்ற உலர்த்தும் அடுப்பை உண்டாக்கிப் பெல்ஃபாஸ்டிலே அதற்கென ஓர் ஆலையே எழுப்பினார். கரியடுப்பின் முன் வெந்த கைகளுக்குப் பதிலாகச் சூடான காற்று வேலை செய்தது.

இந்த மாற்றத்தின் அளவை நாம் மனங்கொள்ள வேண்டும். இந்தியத் தேயிலையின் உற்பத்திச் செலவு 1872 அளவிலே இறாத்தலுக்கு 11 பென்ஸ் என்றும், 1913 அளவிலே 3 பென்ஸ் என்றும், அப்போது இயங்கிய ஏறத்தாழ 8,000 உருளைகள் பதினைந்து இலட்சம் பேரின் கைவேலையைச் செய்தன என்றும் தேயிலை வரலாற்றாசிரியர் குறிப்பர். 1880கள் முடியுமுன்பே பிரித்தானியச் சந்தையிலே இந்திய-இலங்கைத் தேயிலை சீனத் தேயிலையை முந்திவிட்டது. 1900 அளவிலே சீனத்தின் பங்கு பத்திலொன்றாகச் சுருங்கியது. சீனத்துக் குடியானவன் தன் குடிசை முற்றத்திலே கையால் உருட்டிய தேயிலை, யந்திரம் உருட்டிய தேயிலையின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் தோற்றது. 'இலங்கைத் தேயிலை' என்று உலகறிந்த அந்தப் பெயர், யந்திரம் ஒரு நாட்டின் வாணிபத்தைப் பறித்து இன்னொரு நாட்டுக்குக் கொடுத்ததன் பயனாகப் பிறந்தது. கூடையை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இது தெரியாது.

எனினும் யந்திரம் மட்டும் அவ்வெற்றியைத் தரவில்லை. உருளைகள் வேகமாகச் சுழலச் சுழல, அவற்றின் வாய்க்கு இடுவதற்கு மேன்மேலும் கொழுந்து தேவைப்பட்டது. உள்ளே ஒருவன் நூறு பேரின் வேலையைச் செய்யத் தொடங்கியதால் வெளியே இன்னும் நூறு பேர் கூடையோடு மலையேற வேண்டியதாயிற்று. யந்திரம் வேலையை ஒழித்தது என்பதும் உண்மை. பெருக்கியது என்பதும் உண்மை. ஒழித்தது சீனத்திலே, பெருக்கியது மலைநாட்டிலே. அவ்வாறு பெருகிய வேலைக்குக் கொடுக்கப்பட்ட கூலியோ பல பதிற்றாண்டுகள் ஏறாமலே நின்றது. உற்பத்திச் செலவு நாலிலொன்றாய் இறங்கிய காலத்திலே, அதனை இறக்கிய தொழிலிலே உழைத்தவரின் நாட்கூலி அசையவில்லை என்றால், மிச்சம் எங்கே போயிற்று என்பதை அறிய நுண்ணிய பொருளியல் தேவையில்லை.

இனி, மலைக்கு ஏன் யந்திரம் ஏறவில்லை என்ற கேள்விக்கு வருவோம். தோட்ட நிருவாகிகள் உடனே சொல்லும் விடை செங்குத்தான சரிவும் 'இரண்டு இலை ஒரு மொட்டு' என்ற நுட்பமும். அவ்விடையிலே உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது பாதி விடை. 'மூலதனம்' முதற் பாகத்திலே யந்திரங்களைப் பற்றிய நெடிய அதிகாரத்திலே மார்க்ஸ் ஒரு நியதியைக் காட்டுகிறார்: யந்திரம் எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் என்பது முதலாளிக்குப் பொருட்டன்று, எவ்வளவு கூலியை மிச்சப்படுத்தும் என்பதே அவனுக்குப் பொருட்டு. கூலி மிகக் கீழ்ப்பட்டிருக்குமிடத்திலே யந்திரம் நுழையாது. இங்கிலாந்திலே கால்வாய்ப் படகுகளை இழுக்கக் குதிரைக்குப் பதிலாகச் சில வேளைகளிலே பெண்களைப் பயன்படுத்தினர் என்பதை அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். குதிரைக்குத் தீனி வேண்டும். அதன் செலவு கணக்குக்கு உட்பட்டது. மிகைமக்களாய்க் கிடந்த பெண்களின் செலவோ கணக்கிலேயே வராத அளவுக்கு அற்பம்.

இந்நியதி அப்படியே மலைநாட்டுக்குப் பொருந்தும். கடனாலும் 'துண்டு' முறையாலும் கட்டப்பட்டு, தோட்டத்தை விட்டுப் பெயர முடியாதிருந்த உழைப்பு இங்கே கிடைத்தது. துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இலே. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது 1927இலே. அதிலும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த வீதம். கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்களே என்பதை நினைவிற்கொள்க. தோட்டத்திலே பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்கூலி என்ற நிலை 1984இலேதான் ஏற்பட்டது. 1948இலே குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், வாக்கின்றி, பேரம் பேசும் வலுவின்றி, லயத்திலே அடைபட்டிருந்தது. அந்தக் கைகளைவிட மலிந்த யந்திரத்தை எந்தப் பொறியியலாளன் செய்ய முடியும்? மாறாக, கூலி ஏறிய யப்பானிலே கத்தரிக்கோலும் பின்னர் மோட்டார்ப் பொறியும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிட்டன. நாட்டுப்புறத்து வறுமையையும் அரசியல் அடிமைத்தனத்தையும் 'கைப்பறிப்பின் கலை' என்று பெயரிட்டு உலகச் சந்தையிலே விளம்பரப்படுத்தியதுதான் நம் நாட்டிலே நடந்தது.

இந்தப் பின்னணியோடு நமது இலக்கியத்தைத் திரும்பப் பார்க்கலாம். புதுமைப்பித்தன் 1930களிலே 'துன்பக்கேணி' எழுதினார். இலங்கையைக் கண்ணால் காணாமலே, திருநெல்வேலிச் சேரியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட பெண்ணின் வாழ்வை அவர் எழுதிய துணிவு வியக்கத்தக்கது. அவர் கண்டது ஆள்பிடிக்கும் முறையும் பெண்ணுடலின் சூறையாடலும். சி. வி. வேலுப்பிள்ளை 1954இலே ஆங்கிலத்தில் எழுதி, பின்பு சக்தி அ. பால ஐயாவின் தமிழாக்கத்தால் நம்மிடையே பரவிய 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற நெடுங்கவிதை, பெயரற்று மண்ணிலே புதைந்த முன்னோரைப் பெயர் சொல்லி அழைக்கும் பெருங்குரல். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இலே தலைமுறைகளைத் தொடுத்துக் காட்டிற்று. தெளிவத்தை ஜோசப் லயத்து வாழ்வின் நுண்ணிய அவமானங்களை எழுதினார். மாத்தளையைப் பொறுத்தவரை, மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் ஆகிய மூவரின் கதைகள் 1980இலே 'தோட்டக் காட்டினிலே' என்று ஒரே தொகுப்பாக வந்தன. ஒரு பிரதேசத்து இளைஞர் தம் மண்ணைத் தாமே எழுத முற்பட்ட முயற்சி என்ற அளவிலே அதற்குத் தனி இடம் உண்டு.

இவர்களின் சாதனையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. மனிதராகவே கருதப்படாதிருந்த மக்களை மனிதராக நிறுத்துவதே அன்றைய முதற் கடமை. அதனை அவர்கள் நிறைவேற்றினர். ஆயினும் இந்த எழுத்துகளிலே சுரண்டல் பெரும்பாலும் ஒரு முகத்தோடு வருகிறது: கங்காணியின் முகம், கணக்கப்பிள்ளையின் முகம், துரையின் முகம். முகமில்லாத சுரண்டல், அதாவது யந்திரத்தின் வேகமாகவும் ஏலச் சந்தையின் விலையாகவும் நிறுவைக் கணக்கின் எண்ணாகவும் வரும் சுரண்டல், எழுத்துக்குள் அகப்படவில்லை.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இவ்வகையிலே ஆழ்ந்து ஆராயத்தக்கது. 1960களின் தொடக்கத்திலே வெளிவந்து, 1980இலே அதே பெயருள்ள தொகுதியிலே இடம்பெற்ற சிறுகதை அது. மலையகச் சிறுகதையின் உச்சங்களில் ஒன்று என்பதிலே எனக்கு ஐயமில்லை. ஓர் இளம்பெண் வழக்கத்தை மீறிய எடையிலே கொழுந்து பறித்துவிடுகிறாள். அந்த எடையைச் சுற்றி ஐயம் எழுகிறது. அவள் தன் கைகளின் வேகத்தாலேயே அதனை மெய்ப்பிக்கிறாள். உழைப்பின் திறமையையே ஒரு பெண்ணின் மானமாக ஆக்கிக் காட்டிய கதை இது. அழுகைக்கு இடமில்லை, இரங்கலுக்கு இடமில்லை. பறிக்கும் விரல்களின் வேகம் வசனத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது.

ஆனால் கதை முடிந்த மறுநாள் என்ன நடக்கும்? இதைக் கேட்பது வாசகனின் உரிமை. தோட்டத்துப் பேச்சிலே ஒரு நாட் சம்பளத்துக்கு 'பேர்' என்று பெயர். குறித்த எடை பறித்தால் பேர், குறைந்தால் அரைப்பேர். உழைப்பாளியின் பெயரே கூலியின் அலகாக மாறிவிட்ட சொல் அது. இதைவிடக் கசப்பான ஒரு சொல்லை எந்தக் கவிஞனும் புனைய முடியாது. அந்தக் குறித்த எடையை நிருணயிப்பது யார்? இன்று ஒருத்தி தன் மானத்துக்காகப் பறித்த அதிக எடை, நாளை எல்லாருக்கும் விதிக்கப்படும் அளவாக மாறுவது தொழிலுலகின் பழைய வழக்கம். முன்னாளிலே இறாத்தல் கணக்கு. இந்நாளிலே கிலோக் கணக்கு. பல தோட்டங்களிலே பதினாறு, பதினெட்டு, இருபது என்று அது ஏறி வந்திருக்கிறது. சம்பளம் ஏறும்போதெல்லாம் கிலோவும் சேர்ந்து ஏறுகிறது. யந்திரம் இல்லாமலேயே மனிதனை யந்திரமாக்கும் உபாயம் இந்த எண்ணிலே அடங்கியிருக்கிறது. இராமையா அந்த எண்ணின் வாசல்வரை வந்து, அதனை ஒரு பெண்ணின் வெற்றியாகக் கண்டு நின்றுவிட்டார். ஒரு தனிப்பட்ட பெண்ணின் கதை என்ற முறையிலே அது நிறைவே. அங்கிருந்து அடுத்த அடியை எடுத்துவைக்க வேண்டியவர் பின்வந்தவர், அவர்கள் எடுத்துவைக்கவில்லை.

தமிழிலே இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. தொ. மு. சி. ரகுநாதன் 1953இலே 'பஞ்சும் பசியும்' நாவலை எழுதினார். அம்பாசமுத்திரத்துக் கைத்தறி நெசவாளரின் பசியை அவர் தனித்த சோகமாகக் காட்டவில்லை. நூல் விலை, வியாபாரியின் பதுக்கல், துணி விற்காத சந்தை ஆகியவற்றோடு அதனை முடிச்சிட்டார். பாத்திரங்கள் சில இடங்களிலே பிரசங்கம் செய்கின்றன என்ற குற்றச்சாட்டை நானும் ஏற்பேன். ஆனால் ஒரு தறி ஏன் நின்றது என்பதற்குத் தறிக்கு வெளியே காரணம் தேடிய நாவல் அது. தேயிலைக்கு அத்தகைய நாவல் இன்னும் நம்மிடம் இல்லை.

அது இல்லாததன் விளைவை இன்றைய சம்பளப் பூசலிலே காணலாம். கணக்கை எவரும் எடுத்துச் சொல்லாததால், 'சம்பளம் தாறுமாறாக ஏறிவிட்டது' என்ற கூற்று படித்தவர் நடுவிலும் செல்லுபடியாகிறது. உண்மையிலே ஏறியதா? 2021 மார்ச்சிலே 1000 ரூபா என்பது ஏறத்தாழ 5 டொலர். 2022இலே ரூபா சரிந்தது. 2024 மே மாதத்திலே 1700 ரூபா என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் சென்றன, அவ்வறிவித்தல் நிலைக்கவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரிலே அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா என முடிவாயிற்று. அது அன்றைய மாற்று வீதத்திலே நாலரை டொலர். தேயிலை விற்பது டொலருக்கு. கூலி கொடுப்பது ரூபாவிலே. விற்கும் நாணயத்திலே பார்த்தால் கூலி ஏறவில்லை, இறங்கியிருக்கிறது! 2025 நவம்பரிலே வரவுசெலவுத் திட்டம் 1550 ரூபாவையும், அதன்மேல் அரசின் வருகைக் கொடுப்பனவாக 200 ரூபாவையும் முன்மொழிந்ததைச் சேர்த்துக்கொண்டாலும், 2021இன் நிலையிலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிடவில்லை.

இன்னொரு கணக்கு. பதினெட்டுக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறத்தாழ நாலு கிலோ தூள் கிடைக்கும். 2024இலே கொழும்பு ஏலத்திலே சராசரி விலை கிலோவுக்கு 1,200 ரூபாவை ஒட்டியிருந்தது. ஆகவே ஒருத்தியின் ஒரு நாட் கூடை ஏலத்திலே 4,800 ரூபா. விறகு, மின்சாரம், உரம், கவ்வாத்து, ஊழியர் சேமலாப நிதி, நிருவாகம் எல்லாம் இதிலிருந்தே வரவேண்டும் என்பது நியாயமான பேச்சு; கம்பனிகளின் கஷ்டம் முழுவதும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. உற்பத்தி குன்றிய பழஞ்செடிகளை மீள நடாமல் விட்டது யார், அதன் சுமையைப் பறிப்பவளின் கூலியிலே ஏற்றுவது எந்த நியாயம் என்பதே கேள்வி.

இந்நிலையிலே யந்திரம் வந்தால் என்னாகும்? இதற்குக் கென்யாவைப் பார்க்கலாம். அங்கே கெரிச்சோப் பிரதேசத்துப் பெருந்தோட்டங்களிலே பறிக்கும் யந்திரங்கள் பல ஆண்டுகளாகப் புகுந்துவந்தன. ஒரு யந்திரம் பலருடைய வேலையைச் செய்தது. அதனை இயக்குவோர் பெரும்பாலும் ஆண்கள். வேலை இழந்தோரில் பெண்கள் மிகுதி. 2023 மே மாதத்திலே கூட்டம் தோட்டத்துக்குள் புகுந்து யந்திரங்களுக்குத் தீயிட்டது. மோதலிலே உயிரும் போயிற்று. அதற்குச் சற்று முன்பே மாவட்ட ஆட்சி ஒரு குழுவை அமைத்து, யந்திரப் பறிப்புக்கும் கைப்பறிப்புக்கும் விகிதம் வகுக்குமாறு பரிந்துரையும் பெற்றிருந்தது. அம்மாவட்டத்திலே மட்டும் பத்தாண்டுகளிலே 30,000 வேலைகள் போயின என்று குழு உறுப்பினர் ஒருவர் சொன்னார். அதே 2023இலே, கெரிச்சோவிலே நெடுங்காலம் தோட்டம் நடத்திவந்த ஜேம்ஸ் ஃபின்லேயின் கென்யத் தோட்டங்களை வாங்க இலங்கையின் பிரவுன்ஸ் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது என்பதை நம் பத்திரிகைகள் பெருமிதத்தோடு வெளியிட்டன. இலங்கைச் சம்பளம் ஏறினால் இலங்கைத் தேயிலை கென்யத் தேயிலையிடம் தோற்கும் என்று நமக்கு ஓதப்படுகிறது. கென்யத் தேயிலையின் சொந்தக்காரர் யார் என்பதையும் சேர்த்து ஓதினால் நன்றாயிருக்கும். மூலதனத்துக்குக் கடல் தடையன்று; கூடைக்காரிக்கு அடுத்த தோட்டமே வெளிநாடு.

1811 முதல் இங்கிலாந்திலே நெசவாளர் யந்திரங்களை உடைத்ததையும், 1812இலே அதற்கு மரண தண்டனை விதித்துச் சட்டம் வந்ததையும் படித்த மாணவருக்குக் கெரிச்சோச் செய்தி பழங்கதை போல் தோன்றலாம். யந்திரத்தை உடைப்பதால் பயனில்லை என்பது தொழிலாளர் இயக்கம் அனுபவத்தாற் கண்ட பாடம். ஆனால் அந்தப் பாடத்தைச் சொல்லிவிட்டுக் கைகழுவும் முற்போக்காளரிடம் எனக்கு உடன்பாடில்லை. யந்திரமெல்லாம் முன்னேற்றம், சோஷலிசத்திலே அது தானாகவே நன்மை தரும் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எதிர்ச்சாட்சி இருக்கிறது. சோவியத் ஜோர்ஜியாவிலே 1960களிலே தேயிலை பறிக்கும் யந்திரத்தை உருவாக்கிப் பெருமளவிலே பயன்படுத்தினர். முதுகு வளைந்த பெண்ணுக்கு அது விடுதலை என்றே கருதினர், அவ்வெண்ணம் உயர்ந்தது. ஆயினும் அளவே குறியானபோது முற்றிய இலையும் தண்டும் கொழுந்தோடு கலந்தன. தேயிலையின் தரம் வீழ்ந்தது. சோவியத் சந்தை மறைந்ததும் அத்தொழிலும் மறைந்தது போலாயிற்று. எதைப் பெருக்க யந்திரம் வருகிறது என்ற கேள்வியை எந்தச் சமுதாயமும் தவிர்க்க முடியாது.

மற்றொரு மயக்கம் நம் கவிஞரிடையே உண்டு. பச்சை மலையும் பனியும் பறிக்கும் விரலும் சேர்ந்த காட்சியின் அழகிலே சொக்கி, 'யந்திரம் இந்த அழகை அழித்துவிடும்' என்று ஏங்குவது. அந்த அழகுக்காக ஒருத்தி நாற்பது ஆண்டுகள் அட்டைக்கடியிலே நிற்க வேண்டுமா? தன் மகள் கூடை தூக்கக்கூடாது என்பதே எந்தத் தாயின் மனத்திலும் உள்ள விருப்பம். தோட்டத்து ஆட்தொகை வீழ்ந்ததற்கு யந்திரம் காரணமேயன்று. 1964 ஒக்டோபரின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. 1992இலே தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றபின் மலைகள் காடாயின. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போயினர். யந்திரம் துரத்துமுன்பே கூலி துரத்திவிட்டது. ஆகையால் இன்று யந்திரம் வரும் என்று அச்சுறுத்துவது, ஒருவகையிலே, ஆளே கிடைக்காத மலையிலே வெறும் கூடையை அச்சுறுத்துவதாகும்.

எனவே கத்தரிக்கோலோ மின்கலப் பொறியோ வருவதை எதிர்ப்பது தொழிற்சங்கத்தின் வேலையன்று என்பது என் கருத்து. வரும் பொறியைப் பெண்ணுக்குப் பழக்குவது, கிலோக் கணக்கை அதற்கேற்ப ஏற்றாமல் வேலை நேரத்தைக் குறைப்பது, மிச்சமாகும் செலவிலே ஒரு பங்கை நாட்சம்பளத்திலே எழுத்து மூலம் சேர்ப்பது, இவற்றைக் கேட்பதே அதன் வேலை. 'வருமானப் பகிர்வு' என்று கம்பனிகள் முன்வைக்கும் புதுத்திட்டத்தையும் இதே உரைகல்லிலே உரைத்துப் பார்க்க வேண்டும்: செடியைத் தொழிலாளிக்குப் பங்கிட்டுக் கொடுத்து, நட்டத்தையும் அவளோடு பங்கிடுவதா, நிலத்தின் உரிமையையும் பங்கிடுவதா?

இனி இஸ்டோருக்கே திரும்புவோம். ஏனெனில் அங்கே ஒரு மாற்றம் ஓசையின்றி நடந்தேறியிருக்கிறது. உலர்ந்த தூளிலிருந்து தும்பையும் காம்பையும் விரலால் பொறுக்கும் வேலை முன்பு பெண்களுடையது. வரிசையாக உட்கார்ந்து, கறுப்பிலே கலந்த செம்மையைக் கண்ணால் பிரித்தெடுப்பர். மலையேற இயலாத வயதினருக்கும் கருவுற்றோருக்கும் கிடைத்த நிழலிடம் அது. இப்போது பல தொழிற்சாலைகளிலே நிறம் பிரிக்கும் மின் யந்திரம் அவ்வேலையைச் செய்கிறது. தூள் அருவிபோல் விழ, ஒளிப்படக் கண் காம்பைக் கண்டுபிடிக்க, ஒரு காற்றுவீச்சு அதனை அப்பால் தள்ளுகிறது. யந்திரம் மலைக்கு ஏறுமா என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கையிலே, உள்ளே இருந்த பெண்கள் வெளியே வந்துவிட்டனர். இதைப் பற்றி ஒரு சிறுகதையை நான் இதுவரை படிக்கவில்லை.

தும்பு பொறுக்கிய பெண்கள் பலர் இன்றும் லயங்களிலே இருக்கின்றனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மலையகத்துப் பாடசாலைகளிலே படிக்கின்றனர். சிலர் ஆசிரியராகவும் இருக்கின்றனர். இப்பக்கங்களையும் அவர்கள் படிக்கக்கூடும். எழுத விரும்புவோர் அந்தப் பெண்களிடம் போய்க் கேட்கலாம்: பொறுக்கும் அறையிலே எத்தனை பேர் இருந்தீர்கள், யந்திரம் இறக்கப்பட்ட அன்று டீமேக்கர் என்ன சொன்னார், சங்கத் தலைவர் என்ன சொன்னார், மறுநாள் உங்களை எந்த மலைக்கு அனுப்பினார்கள், அன்று விழுந்தது பேரா அரைப்பேரா?